முப்பத்தைந்து

டெக்காவைத் தாண்டியதும் பின் டயர் வெடித்தது.
ஸ்டெப்னியை மாட்டினோம்.
அந்த ஸ்டெப்னியில் ஓர் ஆணி.

"பிடுங்காதே தெல்மீரா" என்றான் உலீசஸ்.
"குத்தினதும் அதுதான்,
ஓட்டையை அடைச்சிட்டு இருக்கிறதும் அதுதான்.
பிடுங்கினா இங்கேயே படுத்துடும்."

இந்தப் புத்தி
மூன்று வருஷத்துக்கு முன்னால்
எஸ்கேலில் வக்கீல் மேஜை முன்னால்
எங்கே போயிருந்தது?
கேட்கவில்லை.
சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி
மாத்தே நீட்டினேன்.
உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தந்தான்.

மகள் மைத்தேனா ரியோ பிக்கோவில் வீடு கட்டியிருக்கிறாள்.
அவன் வண்டியை விற்றுவிட்டான்.
அதனால் என் வண்டி.
அதனால் நாங்கள்.

காற்றடிக்கும் கருவி என்னுடையது.
அரைச் செங்கல் அளவு, வயர் கிடையாது.
வாங்கிய புதிதில்
"பொம்மை" என்று சிரித்தான்.
இப்போது அதை இரண்டு கையாலும் வாங்குகிறான்.

இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிற்கிறோம்.
வண்டி மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பித்தான் நிறுத்தவேண்டும்,
இல்லையென்றால் இந்த ஊர்க் காற்று
கதவைக் கீலோடு கொண்டுபோய்விடும்.
இறங்குகிறேன். தொப்பி பறக்கிறது.
உலகத்துக் காற்றெல்லாம் இந்த மேட்டில்தான்.
அதில் ஒரு கை
தானாக ஒரு டயருக்குள் போகமாட்டேனென்கிறது.

குழாயைத் திருகும்போது
உஸ்ஸென்று கொஞ்சம் போகும்.
பிறகு பட்டன்.
டப்பாவுக்குள் மாட்டிய குளவி மாதிரி ஓர் இரைச்சல்.
பத்தொன்பது. இருபது. இருபது. இருபத்தொன்று.
நான் டார்ச் பிடிக்கிறேன்,
அவன் எண்களை வாய்விட்டுப் படிக்கிறான்,
மைத்தேனாவின் காய்ச்சலைப் படித்த அதே குரலில்.
வேலிக்கு அப்பால் ஒரு குவானாக்கோ
கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

முப்பத்தைந்தில் தானே நின்றுவிடும்.
"பார்த்தியா, எப்போ நிறுத்தணும்னு அதுக்குத் தெரியுது."
யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை.
என்னைத்தான் என்று
அடுத்த இருபது கிலோமீட்டருக்குக் கோபமாக இருந்தேன்.
அதற்கடுத்த இருபதில்
அவனையே சொல்லிக்கொண்டானோ என்று தோன்றியது.

பேட்டரியில் நான்கு கோடு இருந்தது.
கோபெர்னடோர் கோஸ்டாவில் மூன்று.
சரளைப் பாதை தொடங்கியதும் இரண்டு.
வண்டியிலேயே சார்ஜ் போடலாம்தான்.
லைட்டர் சாக்கெட் பழுது.
சரிசெய்கிறேன் என்று அவன் சொன்ன வருஷம்
மகளுக்குப் பல் விழுந்த வருஷம்.
அவனும் அந்த ஓட்டையைப் பார்த்தான்,
நானும் பார்த்தேன்,
இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துத் தொலைத்தோம்.

மைத்தேனா மெழுகுவர்த்தியோடு வந்தாள்.
காலையிலேயே காற்று கம்பத்தைச் சாய்த்துவிட்டதாம்.
கரண்ட் நாளையோ, நாளன்றைக்கோ.
வீட்டில் ஒரு சோபா.
மடித்து வைத்த ஒரு காற்று மெத்தை.
கால் பம்பின் குழாயைப் பூனை கிழித்திருந்தது.

கருவியில் ஒரே ஒரு கோடு.
வெளியே டயர் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது.
உள்ளே தோல் உரித்த முயல் மாதிரி மெத்தை தரையில்.
இரண்டுக்கும் போதாது.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
மெத்தையின் மூடியைத் திறந்து
முனையைச் சொருகினான்.

பாதியில் குளவி செத்தது.
மீதியை வாயால் ஊதினோம்,
அவன் ஒரு முறை, நான் ஒரு முறை,
கை மாறும்போது கட்டைவிரலால் ஓட்டையை அழுத்திக்கொண்டு.
அவனுக்கு மூச்சு இளைத்தது.
எனக்குக் காது அடைத்தது.
மைத்தேனா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு
வாயே திறக்காமல் நின்றாள்.

சட்டி, நாற்காலி, நாய், கோழிக்கூண்டு எல்லாம்
பட்டியல் போட்டுப் பிரித்தவர்கள் நாங்கள்.
இதற்குள் யார் மூச்சு எவ்வளவு என்று
எந்த வக்கீலுக்கும் தெரியாது.

மெத்தையில் நான், சோபாவில் அவன்.
புரளும்போதெல்லாம் அது முனகியது.

காலையில் டயர் தரையோடு தரை.
ஆணித்தலை மட்டும் வெயிலில் மின்னியது.
கரண்ட் வரவில்லை.
எப்போது கிளம்புகிறோம் என்று
யாரும் கேட்கவும் இல்லை.