உயரம் இல்லை

விதிமுறை ஐந்து: மாதிரிகள் திருப்பித் தரப்பட மாட்டா.
விதிமுறை ஆறு: முப்பதுக்கு முப்பது அடி, பன்னிரண்டு லட்சத்துக்குள்.
ஏழாவதை ஜெனோவா சத்தமாகப் படித்தபோது
காரைக்குடி பேருந்து நிலையத்தில் எங்கள் டீ ஆறியிருந்தது:
'நிமிர்ந்து நிற்கும் தன்மையதாய் இருத்தல் நலம்.'

பெரியாச்சிவயலில் தண்ணீர்த் தொட்டி விழுந்து
பதினான்கு மாதம்.
ஏழு பேர். குழாயடி வரிசையில் நின்றவர்கள்.
தகரப் பலகையில் பெயர்கள்.
கைப்பேசியில் எடுத்தேன், வெயில் பட்டு
பாதிப் பெயர் வெள்ளையாகிவிட்டது,
நிழல் விழும்படி நின்று மறுபடி எடுத்தேன்.
ராக்காயி. அடைக்கலம். பாத்துமுத்து.
அவள் மகன் என்று மட்டும் ஒன்று.

சபாபதி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
செம்மண்ணில் பின்னோக்கி நடந்தான்.
"என்னத்தத் தம்பி அளக்குறீக?"
நினைவுச்சின்னம், அக்கா.
"அதுல தண்ணி வருமா?"
நாங்கள் சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.

மோட்டார் போட இன்னும் ஒரு மணி நேரமாம்.
குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள்,
குடமில்லாதவர்கள் கல்லை வைத்துவிட்டு.
ஒரு செங்கல்லைக் காட்டி, இது யார் என்றேன்.
"அது செவ்வந்தி. புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிருக்கா."
செங்கல்லை யாரும் தாண்டவில்லை.

அன்றிரவு விடுதியில் வரைந்தது அவ்வளவுதான்:
முழங்கால் உயரத்தில் ஏழு கல்,
வரிசை எப்படிக் கோணுமோ அப்படிக் கோணி,
இடுப்புக் குடம் இடிக்காத இடைவெளி விட்டு.
முன்னால் ஒரு குழாய், தண்ணீர் வருகிற குழாய்.
முதலில் நின்றது அடைக்கலம் என்றார்கள்.
இல்லை, பாத்துமுத்து, அன்றைக்கு விட்டுக்கொடுத்தாள் என்றார்கள்.
தெரு ஒத்துக்கொள்ளாத வரிசையில்
பெயர் வெட்ட எங்களுக்குக் கை வரவில்லை.

மண்டபத்தில் நாற்பத்தொரு மாதிரிகள்.
இருபத்தாறில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தது,
ஒன்பதில் பர்மா தேக்குத் தூண்.
பொய் சொல்லக்கூடாது, முதல் வரைவில்
நாங்களும் அந்தப் பூக்கல்லைப் போட்டிருந்தோம்.
அந்தத் தரைகளில் ஒன்றை
ராக்காயி தினம் இரண்டு வேளை துடைத்தாள் என்று
பிறகுதான் தெரிந்தது.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எல்லாம் சரி. உயரம் இல்லையே.
நினைவுச்சின்னம்னா அண்ணாந்து பார்க்க வேண்டாமா?

வகுப்பில் பேர் கேட்டால்கூடத் திக்குகிற ஜெனோவா
ஒரு சொல்லும் தட்டாமல் சொன்னாள்:
"அண்ணாந்து பார்க்க அவங்களுக்கு நேரமில்ல சார்."

மின்விசிறி சுற்றியது.
அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

முதல் பரிசு, நாற்பதடி எஃகுத் துளி.
நிழலும் வெளிச்சமும் அருமையாகப் போட்டிருந்தான்,
நிஜமாகவே. கை வலிக்கத் தட்டினோம்.
எங்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ்,
சபாபதிக்கு ஒரு 'ப' குறைவாக.

பங்குனியில் அந்த வழியாகப் போனேன்.
துளிக்கு அடித்தளம் தோண்டியிருக்கிறார்கள்,
குழியைச் சுற்றி மஞ்சள் நாடா, உள்ளே ஒரு ஆடு.
சாலைக்கு இந்தப் பக்கம் புதிய குழாய்.
பேருந்து நின்ற அரை நிமிடத்தில் எண்ணினேன்:
குடம், குடம், பெயின்ட் டப்பா,
செங்கல், குடம்.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
தண்ணீர் வந்துவிட்டது போல, எல்லாம் ஓரடி முன்னே நகர்ந்தது.
யாரோ குனிந்து
செங்கல்லையும் தூக்கி ஓரடி முன்னே வைத்தார்கள்.
செவ்வந்தியாக இருக்கும்.