மாசு

மூன்றாம் நாள் காலை தட்டின் மூடியைத் திறக்கிறேன்.
நேற்றுவரை ஊசிமுனைகளாய் இருந்தவை
சுருங்கிக் கிடக்கின்றன,
வெயிலில் மறந்துவிட்ட நெல்லிக்காய்த் தோல்போல.
முகரக் கூடாதென்பது சட்டம்.
முகரவில்லை. வாசனைதான் வந்தது:
கொழிஞ்சாம்பாறைக்கு எப்போதாவது வரும் முதல் மழை.

பெயர் ஆறுச்சாமி. வயது நாற்பத்தாறு.
டில்லர் ஓட்டுபவர். சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு போகம்,
கூப்பிட்டால் அந்தப் பக்கமும்.
ஐந்து மாதமாய்க் காசநோய் மாத்திரை.
சளியில் ஒருமுறையும் கிருமி தெரிந்ததில்லை.
படத்தில் நிழல் தெரிந்தது, அது போதுமாயிருந்தது.
பெல்ட்டில் ஆணியால் அவரே போட்டுக்கொண்ட
நான்கு புது ஓட்டைகள்.
ஸ்கேனில் ஈரல் முழுக்கத் தேன்கூடு.

"கன்டாமினேஷனல்லே?" என்றார் சசிதரன் சார்,
தட்டை வெளிச்சத்துக்குக்கூடத் தூக்காமல்.
மண்ணில் இருப்பது, காற்றில் வரும், கையில் ஒட்டும்.
வெள்ளிக்கிழமை வேறு.
நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

பிறகுதான் பக்கத்துத் தட்டின் மருந்து வில்லைகளைப் பார்த்தேன்.
கொலிஸ்டினை உரசிக்கொண்டு வளர்ந்திருக்கிறது.
ஜென்டாமைசினிடமும் அப்படியே, கூச்சமில்லாமல்.
பெரிய மருந்துக்கெல்லாம் அஞ்சாதது
சாதாரண ஆக்மென்டினுக்கு மட்டும்
நிலா கோட்டை கட்டியதுபோல
வட்டமாய் விலகி நிற்கிறது.

டாக்டர் பிரசீதா படியிறங்கி ஓடிவந்தார்,
கையில் சாப்பாட்டு டப்பாவின் மூடியோடு.
மெலியோய்டோசிஸ்.
அதை வார்டில் தமிழில் சொல்ல
என்னைக் கூட்டிப்போனார்.

மண்ணுல இருக்கற கிருமிங்க, என்றேன்.
சேத்துல நின்னா கால் வெடிப்பு வழியா ஏறும்.
இப்ப உங்க ரத்தத்துல இருக்குது.

அவர் வெகுநேரம் பாதத்தையே பார்த்தார்.
"எந்த வயலுங்க?"
நான் டாக்டரைப் பார்த்தேன்.
"இல்ல, எந்தப் பண்ணாடின்னு தெரிஞ்சா
ஊசிக் காசு கேக்கலாமில்லீங்க."

எட்டு மணிநேரத்துக்கு ஒரு ஊசி. பதினான்கு நாள்.
ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது.
அன்று அவர் இட்லி கேட்டதை
நர்ஸ் கேஸ் ஷீட்டிலேயே எழுதி வைத்திருந்தாள்.

நான் கீழே வந்து பழைய பதிவேடுகளை இறக்கினேன்.
ஆறு வருஷம்.
மாசு. மாசு. மாசு.
என் கையெழுத்து, கோடு தாண்டாமல், அழகாய்.
எல்லாம் இதுவாயிராது, தெரியும்.
பெரும்பாலும் வெறும் மாசேதான்.
ஆனால் மழை மாதம், சர்க்கரை, வயல் வேலை
மூன்றும் ஒரே வரியில் வருபவை
பதினொன்று.

முதல் எண்ணை யாரும் எடுக்கவில்லை.
இரண்டாவது ஏதோ பெயின்ட் கடை.
மூன்றாவதில் ஒரு பெண் குரல்,
பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.
"யாருங்க?"

என்ன சொல்வதென்று
எழுதி வைத்துக்கொள்ளாமலே
கூப்பிட்டிருந்தேன்.