ஒரு வாரத்தில் போய்விடுவது

நாலரைக்கு வாருங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன்.
அதற்கு முன்னைய வெயில் வெள்ளவத்தையில் முகத்துக்கு ஆகாது,
நெற்றியை வெளுக்க வைத்து
கண்குழிக்குள் கரியைக் கொட்டும்.
நாலரைக்குப் பிறகு
கடல்பக்க ஜன்னலில் கட்டிய வேட்டி
வெளிச்சத்தைக் கஞ்சிபோல் வடித்துத் தரும்.
மற்றக் கன்னத்துக்கு ஒரு ரெஜிபோம் பலகை,
பிரிட்ஜ் வாங்கியபோது பெட்டிக்குள் வந்தது.
இவ்வளவுதான் என் ஸ்டூடியோ.
மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை.
ஏறி வந்தவரின் மூச்சு அடங்கும்வரை
கமராவைத் தொடமாட்டேன்.

போன கிழமை கருணைரூபன் வந்தார்.
வயது முப்பத்தொன்பது. கல்யாணப் புரோக்கருக்குக் கொடுக்கப் படம்.
டையை இறுக்கிக்கொண்டு
பொலிஸ் வரிசையில் நிற்பவர்போல் நின்றார்.
இரண்டு கைகளும் யாரிடமோ இரவல் வாங்கியவை.
அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியையே எடுத்துக் கொடுத்தேன்.
தோளை ஜன்னலுக்குத் திருப்பச் சொன்னேன், முகத்தை எனக்கு.
"சிரியுங்கள்" என்று சொல்லவில்லை;
சொன்னால் வாய் கீழ்ப்படியும்,
கண் பில் தொகையை யோசிக்கும்.
"முடிஞ்சுது, நன்றி" என்றேன்.
தோள் இறங்கியது.
சாவியைப் பார்த்துத் தன்பாட்டில் சிரித்தார்.
அப்போதுதான் எடுத்தேன்.
பொய்க்காக அவர் கோபிக்கவில்லை. ஆறு பிரதி கேட்டார்.

பிள்ளைகளிடம் இந்தப் பொய் செல்லாது.

விதுர்ஷாவுக்கு ஆறு வயது,
மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.
தகப்பன் டோஹாவில். படம் அவருக்கு.
தாய் மூன்று சட்டை கொண்டுவந்தாள்.
மினுங்குவதைப் பையிலேயே வைக்கச் சொன்னேன்,
சட்டை சத்தம் போட்டால் முகம் கேட்காது.
நிலத்தில் முழங்காலிட்டேன்,
லென்சும் அவள் கண்ணும் ஒரே மட்டம்.
(நாற்பத்தாறு வயது முழங்கால் இதற்குத் தனிக்கட்டணம் கேட்கிறது.)
மேலேயிருந்து எடுத்தால் எந்தப் பிள்ளையும்
மன்னிப்புக் கேட்க வந்ததுபோல் தெரியும்.

"வடிவாச் சிரியம்மா, அப்பாக்கு."
உதடு இன்னும் இறுகியது.
கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டாள்:
"அன்ரி, உங்கட முகம் எங்க?"

இருபது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
கமராவை முக்காலியில் மாட்டினேன்.
நீள வயரின் பொத்தானை உள்ளங்கைக்குள் ஒளித்தேன்.
"இங்க இருக்கு" என்று
வியர்வையோடு என் முகத்தைக் காட்டினேன்.
பார்த்தாள்.
சந்தையில் மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பாணந்துறைக் கோச்சி வந்தது.
கோச்சி போகையில் இந்த வீட்டில் கோப்பைகள் ஆடும்,
முக்காலி நடுங்கும்,
அந்த அரை நிமிடம் நான் எப்போதும் படம் எடுப்பதில்லை.
அவளோ ஜன்னல் பக்கம் திரும்பி
நாக்கை ஓட்டைக்குள் விட்டபடி
பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள்.
என் பெருவிரல் என்னைக் கேட்கவில்லை.

இரவு திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
காதோரத்து மயிர் கலங்கியிருந்தது,
சட்டைக் கரையும்தான்.
ஜன்னல் பக்கக் கண் மட்டும் கூர்மை,
அதற்குள் ஒரு வெள்ளைச் சதுரம், என் வேட்டி.

திருத்துவதற்கு எனக்கொரு சட்டம் உண்டு:
ஒரு வாரத்தில் போய்விடுவதை அழிக்கலாம்,
போகாததைத் தொடக்கூடாது.
நுளம்புக்கடியை எடுத்தேன்.
நாடியில் தையல் தழும்பை விட்டேன்.

மறுநாள் தாய் வந்து குனிந்து பார்த்தாள்.
"அப்ப பல்லு? அதுவும் கொஞ்ச நாளில முளைச்சிடும்தானே.
வைச்சு விடுங்கோவன்."

சட்டப்படி அவள் சொன்னது சரி.
இரண்டு பல்லுக்கு இரண்டு நிமிடம் போதும்.
மௌஸில் கை இருந்தது.
சும்மா கேட்டேன், அவர் எப்ப வாறார்?

"அடுத்த சித்திரைக்கு."

அவளே விரலை மடித்து மாதங்களை எண்ணினாள்.
நாலாவது விரலில் நிறுத்தினாள்.
கீழே யாரோ ஓட்டோவுக்கு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

"பெரிசாவே போடுங்கோ" என்றாள்,
"எட்டுக்குப் பத்து."