ஐந்து வெள்ளி ஐஸ்

அவன் முகத்தைவிட
இடது முழங்காலை எனக்கு நன்றாகத் தெரியும்.
சில்லுக்குக் கீழே ஒரு பிறை: வின்னிபெக், பத்தொன்பது வயது.
அதைக் குறுக்கே வெட்டும் கோடு: நார்வே, இரண்டாம் டிவிஷன்,
செயற்கைப் புல், மூன்றே ஆட்டம்.
மூன்றாவது தழும்பு இங்கே,
ஜாலான் பட்டாணித் திடலில், மழை விட்ட பதினோராம் நிமிடம்.
டாக்டர் லிம் தைத்தார். தையல் அழகு.
நான் பிடித்துவிட்டது ஏழு மாதம்.

பெயர் டேரில் கொவால்சுக்.
கிழக்குப் பக்கக் கூட்டத்துக்கு வாயில் நுழையவில்லை.
இரண்டாவது வாரமே கோவாலு ஆகிவிட்டான்.
"கோவாலு, பாஸ் பண்ணுடா!"
திரும்பிப் பார்ப்பான். பாஸ் பண்ணுவான்.
தமிழில் அவனுக்குத் தெரிந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

நடுக்கள ஆட்டக்காரன்.
கோல் அடித்தவனைத் தூக்கிக் கொண்டாடும் படத்தில்
ஓரத்தில் முழங்கை மட்டும் தெரிகிற ஆள்.
பதினாறு வருடம், ஒன்பது கிளப், பதினான்கு கோல்;
அதில் பாதி முதுகில் பட்டுப் போனது
என்று அவனே சொல்வான்.

ஆட்டம் முடிந்தால் காலுக்கு ஐஸ் வேண்டும்.
கிளப் இயந்திரம், சம்பளத்துக்கு ஒரு மாதம் முன்பே
நின்றுபோனது.
சௌராஸ்தா சந்தையில் மீன்கார ஆ ஹெங்கிடம்
பை ஐந்து வெள்ளி.
காலையில் வாங்கிப் பெட்டியில் பூட்டினால்
இரவுக்குள் பாதி தண்ணீர், மீதியில் ஒரு இறால் மீசை.
ஆறு மாதம் பனி கொட்டும் ஊரில் பிறந்தவன்
பினாங்கில், மீன் வாடையோடு,
குளிரைக் காசுக்கு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் பார்
என்று சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
காசு என்னுடையது.

நான்காம் மாதமும் சம்பளம் இல்லை.
செர்பியக் கோச் பயிற்சிக்குப் போவதுபோல்
பயான் லெப்பாஸ் போய் விமானம் ஏறிவிட்டார்.
கமிட்டிக்காரர்கள் கோவாலுவைக் கூப்பிட்டு
ஆடிக்கொண்டே பார்த்துக்கொள் என்றார்கள்.
இரட்டை வேலை. பூஜ்யத்தை இரண்டால் பெருக்கிக் கொடுத்தார்கள்.

அறுபத்து மூன்றாம் நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
அலோர் ஸ்டாரிலிருந்து வந்த பொடியன்
இரண்டு தடவை அவனைத் தாண்டிப் போனான்.
மூன்றாம் தடவை தாண்டவில்லை,
ரவுண்டபவுட்டைச் சுற்றும் மோட்டார் மாதிரி
சுற்றிக்கொண்டு போனான்.

கோவாலு நின்றான். இடுப்பில் கை.
யார் களைத்துவிட்டான், யார் ஒளிகிறான்,
எங்கே ஓட்டை என்று
கோச்சின் கண்ணால் திடலைப் பார்த்தான்.
ஓட்டை எங்கே என்று தெரிந்ததும்
என் பக்கம் திரும்பி
எட்டு விரல் காட்டினான்.

எட்டு, அவனுடைய எண்.

பலகையில் சிவப்பாக எரிந்தது.
"எவன்டா அந்தக் கோச்சு? கோவாலுவப் போய் எடுக்கிறான்!"
கூட்டம் கோச்சைத் திட்டியது,
கோச் கேட்டுக்கொண்டே நடந்து வந்தான்.
உள்ளே போகவேண்டிய ரிட்சுவானின் பிடரியைப் பிடித்து
ஏதோ சொன்னான்.
பிறகு எந்தப் பக்கம் நிற்பது என்று விளங்காமல்
வெள்ளைக் கோட்டின் மேலேயே நின்றுவிட்டான்.
கொடி வைத்திருந்தவர் மலாயில் அதட்டினார்.
பின்னால் வைத்தான்,
ஒரு எட்டு.

அன்று தோற்றோம். அதற்குப் பிறகு
பதினொன்றில் இரண்டு வென்றோம்.
நன்றிக் கடிதத்தில் அவன் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்.

போன வாரம் கால்கரியிலிருந்து படம் அனுப்பியிருந்தான்.
ஏதோ சின்ன அணிக்குக் கோச். ஓரமெல்லாம் பனி மேடு.
"பாஸ் பண்ணுடா என்றுதான் கத்துகிறேன்.
ஒருவனுக்கும் புரியவில்லை. பாஸ் பண்ணுகிறார்கள்."

ஆ ஹெங் இப்போது ஆறு வெள்ளி கேட்கிறான்.
பிரேசில்காரன் கணுக்காலுக்கு வாங்கிக்கொண்டு
நின்றபடியே படத்தைப் பெரிதாக்கினேன்.
தடித்த காற்சட்டை, முழங்கால் தெரியவில்லை.
இடது காலில் பாரம் போடாமல் நிற்கிறான்,
அது தெரிந்தது.