காம்பு

நிலக்கரி லாரி நின்ற இடம்.
கடப்பாரை இறங்கினால்
முதலில் செங்கல், அப்புறம் ஒற்றைச் செருப்பு,
அதற்கும் கீழே
எண்ணெய் நாறும் கறுப்பு மண்.
தேசப்பன் காசிமேட்டிலிருந்து
மீன் குடலும் செதிலும் அள்ளிவந்து புதைத்தான்.
மூன்று நாள் கொருக்குப்பேட்டையே
மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியது.

நட்டது பதினாறு புங்கங்கன்று.
பதினொன்றை ஆடு தின்றது,
ஒன்றின்மேல் ஷேர் ஆட்டோ ரிவர்ஸ் வந்தது.
மிச்சம் நான்கும்
வீட்டுக்கு ஒரு சொம்பு
அரிசி கழுவிய தண்ணீரில் நிற்கின்றன.

ஆடு எட்டாத சுவர்மேல்,
பெயின்ட் டப்பாவில்,
ஒரே ஒரு கத்திரிக்காய்.
முப்பத்தெட்டு வீட்டுக்கு எப்படிப் பங்கு வைப்பது?
குழாயடியில் இரண்டு நாள் பஞ்சாயத்து.
சீட்டுக் குலுக்கலாம் என்றாள் ஜரீனா.

வியாழன் காலை
காம்பு மட்டும் இருந்தது.

மத்தியானம்
சி பிளாக் மூன்றாம் மாடியிலிருந்து
நெத்திலிக் கருவாட்டோடு
கத்திரிக்காய் வேகும் வாசனை.
கூடை, குடம், சைக்கிளோடு
எல்லோரும் அண்ணாந்து நின்றோம்.
ஃபுளோராவுக்கு இது நாலாம் மாசம்.
ஒருத்தரும் படியேறவில்லை.
“புளி கொஞ்சம் தூக்கல்”
என்றான் தேசப்பன், யாரிடமோ.

டப்பாவில் இன்னும் மூன்று பூ.
எண்ணி வைத்திருக்கிறோம்.