தூள்

டிவியில் ராக்கெட் கிளம்பிய காலையில்
சாக்கடையோரம் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து
அந்தப் பெயரையே வைத்தான் மகன்.
இப்போது அது எங்கும் கிளம்புவதில்லை.
பின்னங்கால் மட்டும் ஓடுகிறது
காதுக்கும் கழுத்துக்கும் நடுவே
ராத்திரி முழுக்க.
சிமெண்டுத் தரையில் நகம் படும் சத்தத்தில்
எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

முக்கூடலில் வைத்தியத்துக்குப் பஞ்சமா?
"வேப்பிலைய அவிச்சு ஊத்து" என்றாள் முப்பிடாதி.
ஊற்றினேன்.
கசப்புக்கு இரண்டு நாள் நக்காமல் இருந்தது.
"குப்பைமேனியில கல்லுப்பு வச்சு அரைச்சுப் போடு."
போட்டேன்.
ஊளையிட்டபடி மூன்று தெரு தாண்டி ஓடியதை
மீன்காரர் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார்.

மெக்கானிக் தாவீது ஒரு டப்பாவோடு வந்தான்.
"வண்டியில வடிச்ச ஆயிலுக்கா, ஒரு பூச்சு போதும்,
மாட்டுக்கே கேக்கும்."
மோந்து பார்த்தேன்.
"மொதல்ல நீ பூசிக்கிட்டு ஒரு ராத்திரி படு,
பெறகு சொல்லு" என்றேன்.
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

புங்கெண்ணெய்தான் கொஞ்சம் கேட்டது.
தலையணை, சீப்பு, சாம்பார்
எல்லாம் புங்கெண்ணெய் நாறிய அந்த வாரம்
தொடையில் பூனைமுடி போல் முளைத்தது.
அடுத்த வாரம்
முளைத்ததையும் கடித்துத் துப்பியது.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபசெல்வி
பிளேடால் பையச் சுரண்டிக்
கண்ணாடித் துண்டில் தேய்த்துக்
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"சொறிப்பூச்சி இல்ல. உண்ணி இல்ல. படையும் இல்ல.
ஏதோ ஒண்ணு இதுக்கு ஒத்துக்கல.
என்ன திங்கும்?"
சோறு, மீன்தலை, இவன் போடுகிற ரொட்டி.
"எதுல படுக்கும்?"
சாக்குல.
"என்ன சாக்கு?"
சாக்குதான் டாக்டர், என்றேன்.

பஞ்சாயத்துக் குழாய் வரைக்கும் வந்த பிறகுதான்
வாய்க்குள் நின்ற மிச்சம் இறங்கியது.
புகையிலைத்தூள் வந்த சாக்கு.
காலியானதும் உதறி, நாலாய் மடித்து,
மழைக்குக் குளிருமே என்று
அதற்குப் போட்டது நான்.

ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி.
ஒவ்வொரு சுருட்டலுக்கும் கொஞ்சம் உதிரும்.
உதிரும் இடத்தில்தான்
தாடையை வைத்துக் கிடந்தது இத்தனை நாளும்.
வேறிடம் இல்லாமல் இல்லை.
நான் இருந்தேன்.

சாக்கை எரித்தேன்.
தட்டோடு பின்னறைக்குப் போய்
வாசலில் பலகையை நட்டேன்.
குரைக்கவில்லை.
பலகைமேல் முகத்தை வைத்துக்கொண்டு
பதினெட்டுக் கட்டு முடியும்வரை
என்னையே பார்த்தது.

சேலை மாற்றி,
முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவித்தான்
இப்போது அதைத் தொடுகிறேன்.
அதில் போகிற நேரத்தில்
நாற்பது கட்டு முப்பத்தாறு ஆனது.
"ஒடம்பு சரியில்லையா?" என்றார் கடையில் செக்கர்.
நாய்க்கு, என்றேன்.
அவர் எழுதிக்கொண்டாரா தெரியாது.

நகச் சத்தம் பாதியாய்க் குறைந்திருக்கிறது.
மேல்காற்று வீசுகிற நாளில் திரும்ப வரும்.

டாக்டர் கொடுத்த களிம்பு
ஜன்னலில் இருக்கிறது.
விலங்குகளுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது.
என் இடது மணிக்கட்டில் ஒரு தடிப்பு.
பதினொரு வருசமாகக்
கத்தரியின் மழுங்கின முதுகால்
சொறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.
எதன் பக்கத்தில் உட்காருகிறாய் என்று
என்னை யாரும் கேட்டதில்லை.

நேற்று ராத்திரி
கடலைப்பருப்பு அளவு எடுத்துத் தடவினேன்.
ராக்கெட் வந்து
மணிக்கட்டை மோந்தது.
தும்மியது.
அந்தப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.