மவுசாகலையில் மிதப்பது

மூன்றாம் நம்பர் ரோலரின் பேரிங்
இன்னும் பதினைந்து நாள்தான் தாங்கும்.
இதை டீமேக்கரிடம் சொல்லிவிட்டுத்தான்
விலகல் கடிதத்தை நீட்டினேன்.
முதலாவதைக் குறித்துக்கொண்டார்.
இரண்டாவதை வாசித்துவிட்டு
"கப்பலா?" என்றார்,
"உனக்கு பஸ்ஸுலயே வாந்தி வருமே."

உண்மைதான்.
கினிகத்தேனை வளைவுகளில்
எலுமிச்சை இலையைக் கசக்கி
மூக்கில் பிடித்துக்கொள்கிற ஆள் நான்.
வயது முப்பத்தொன்று.
கடலைப் பார்த்தது நான்கு தடவை,
நான்கும் காலிமுகத்திடலில்,
சப்பாத்து நனையாத தூரத்தில்.

கொழும்பில், கண்ணாடி அறையில்,
அனுபவம் என்ன என்று கேட்டார்கள்.
பதினோரு வருடம் தேயிலை ஸ்டோரில் பிட்டர்.
ட்ரையர் அடுப்பு, வாட்டுத் தொட்டி விசிறிகள், பெல்ட்.
கரண்ட் போனால் ஜெனரேட்டரை
இருட்டில் தடவியே கிளப்புவேன்.
எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார்.
"தடவியேவா?"
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு ஒரு புத்தகத்தை விரித்து
வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்த எண்களை
வாசிக்கச் சொன்னார்.
அரைத்த கொழுந்து
பச்சையிலிருந்து செம்பாகும் நிமிடத்துக்குக்
காத்திருந்து பழகிய கண்.
கடகடவென்று சொன்னேன்.
"நீச்சல் தெரியுமா?"
அதற்கும் கடகடவென்று
பொய் சொன்னேன்.

எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் பீலி, கான், ஓடை.
எதுவும் முழங்காலைத் தாண்டாது.
ஆகவே ஞாயிறு காலை ஆறு மணிக்கு
மவுசாகலை நீர்த்தேக்கம்.
தேவசுந்தரி இரண்டு எண்ணெய்க் கேன்களை
மூடி இறுக்கி என் நெஞ்சில் கட்டினாள்.
தாலி தவிர அவளது மற்றதெல்லாம்
ஹட்டனில் அடகில் இருந்தது.
பாமசியில் மருந்து எண்ணுகிற கை அது,
முடிச்சுகளையும் எண்ணித்தான் போட்டது.

குளிர் பல்லைப் பிடித்தது.
என் காலுக்கு நேர் கீழே
அணை கட்டியபோது மூழ்கிய பழைய ஊர்.
வறண்ட மாதங்களில் கோயில் தலைநீட்டும்.
"சாமி தலையில காலை வச்சிறாதீங்க!"
கரையிலிருந்து கத்தினாள்.
அந்தப் பயத்தில்தான்
முதன்முதலாகக் கால்கள் மேலே வந்தன.

இங்கிருந்து திறந்துவிடும் தண்ணீர்
களனியில் சேர்ந்து
எனக்கு முன்பே கடலுக்குப் போகிறது.
அதனிடம் யாரும்
மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை.

பத்தாவது ஞாயிறு
என்னைக் கேட்காமலே கேன்களைக் கழற்றினாள்.

முதலில் கேடட்.
பிறகு கடலில் மாதங்கள், பரீட்சை, மறுபடி கடல்.
எல்லாம் சரியாய்ப் போனால் நாலாம் எஞ்சினியர்,
தோளில் ஒரு கோடு.
"ஒத்தக் கோட்டுக்கு இத்தன வருசமா?"
மாமனார் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.
அம்மாவுக்கு உச்சந்தலையில் ஒரு கோடு உண்டு,
கூடைக் கயிறு போட்டது.
அதற்கு எத்தனை வருடம் என்று
எந்தச் சாப்பாட்டிலும் பேச்சு வந்ததில்லை.
நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

எஞ்சின் அறையில் ஜன்னல் இல்லையாம்.
கடலுக்குப் போனவன் கடலைப் பார்க்க
ஏணியேற வேண்டுமாம்.
பரவாயில்லை.
ஸ்டோரில் ஜன்னல் இருந்தது, வெளியே மலை இருந்தது,
வேன் நிறுத்தி வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.
பதினோரு வருடமும் நான் பார்த்தது
கிரீஸ் கப்பை.

நேற்று, பெட்டியோடு கொழும்பு பஸ்ஸில்,
கினிகத்தேனை இறக்கத்தில் போன் அடித்தது.
ஸ்டோரில் புதிதாய்ச் சேர்ந்த ரினோஷன்.
"அண்ணே, மூணாம் நம்பர் நின்னுருச்சு."
அன்று பதினேழாம் நாள்.
என் கணக்கில் இரண்டு நாள் பிழை.
நிற்பதற்கு முன் சத்தம் எப்படி என்று கேட்டேன்.
வாயாலேயே செய்து காட்டினான்.
நானும் செய்து காட்டினேன், இப்படியா?
முன் சீட்டில் ஒரு குழந்தை எழுந்து நின்று பார்த்தது.
"இல்லண்ணே, இன்னும் கட்டையா."
இப்படியா?
"இன்னும்."

பஸ் சமதரைக்கு வந்த பிறகே கவனித்தேன்,
எலுமிச்சை இலை
மடியில் கசங்காமல் கிடந்தது.